காவல்துறை ஊழலை அம்பலப்படுத்தும் குற்றத் திரைக்கதை: எந்தப் படிக்குப் பின் எந்தப் படி

காவல்துறைக்குள் நடக்கும் ஊழலையும், அதை உள்ளிருந்தே வெளிக்கொண்டுவரும் ஒருவரையும் வைத்து முதன்முறையாகத் திரைக்கதை எழுத உட்காருபவர்களுக்கானது இந்த வழிகாட்டி. இந்த வகையில் நான் எழுதிய முதல் வரைவைக் காவல்துறையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொடுத்தவர், கதாநாயகனைப் பற்றியோ க்ளைமாக்ஸைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. “எல்லாம் சரிதான் தம்பி, மாமூல் எந்தத் தேதியில வருது, யார் கையில வருதுன்னு எங்கேயுமே எழுதலையே” என்று மட்டும் கேட்டார்.

118 பக்கங்களில் ஊழல் என்ற சொல் பலமுறை வந்திருந்தது. ஊழல் எப்படி நடக்கிறது என்பது ஓரிடத்திலும் வரவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் வந்த புதியவர்களின் வரைவுகளிலும் பெரும்பாலும் அதே ஓட்டையைத்தான் பார்த்தேன். எல்லோரும் நேர்மையான அதிகாரியிடமிருந்து தொடங்குகிறார்கள். பணத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் கீழே உள்ள வரிசையின் அடிப்படை.

1. எழுதும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தேவைப்படுவது ஒரு விசாரணை ஆணையத்தின் அறிக்கை. செய்தித்தாள் நறுக்குகள் போதாது. அவை யார் பிடிபட்டார் என்பதைச் சொல்லும், பிடிபடாமல் இருந்த ஆண்டுகளில் அந்த ஏற்பாடு எப்படி இயங்கியது என்பதைச் சொல்லாது. நியூயார்க் காவல்துறையைப் பற்றி 1972-இல் வந்த நாப் ஆணைய அறிக்கை, ஹாங்காங்கில் 1973-இல் நீதிபதி பிளேர்-கெர் அளித்த அறிக்கைகள், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 1989-இல் முடிந்த பிட்ஸ்ஜெரால்டு விசாரணையின் அறிக்கை ஆகியவற்றுள் ஒன்றையாவது பென்சிலோடு உட்கார்ந்து படிக்க வேண்டும்.

இரண்டாவது, உங்கள் கதை நடக்கும் காவல்துறையின் பதவி அடுக்கு. யாருக்கு யார் விடுப்பு அனுமதிக்கிறார், யாரை யார் இடமாற்றம் செய்ய முடியும், துறைரீதியான விசாரணைக்கு யார் உத்தரவிடுகிறார் என்ற மூன்றையும் ஒரே தாளில் வரைந்து சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். 6-ஆம் படியும் 7-ஆம் படியும் முழுக்க முழுக்க இந்தத் தாளை நம்பியே இருக்கின்றன.

மூன்றாவது, ஆண்டு. கைப்பேசிக்கு முந்தைய காலமா, பிந்தைய காலமா என்பதைக் கதை தோன்றிய அன்றே முடிவு செய்துவிட வேண்டும். முந்தைய காலத்தில் சான்று சேர்ப்பது கடினம், சேர்த்தவரைக் கண்டுபிடிப்பதும் கடினம். பிந்தைய காலத்தில் இரண்டுமே எளிது. காலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் பாதி வழியில் சான்று தொடர்பான எல்லாக் காட்சிகளையும் திரும்ப எழுதியதைப் பார்த்திருக்கிறேன்.

2. ஒரு மாதத்துக் கணக்கை எழுதுங்கள்

கதாபாத்திரம் ஒன்றுக்குக்கூடப் பெயர் வைப்பதற்கு முன், அந்த நிலையத்தின் ஒரு மாத மாமூல் கணக்கை வரவு, பங்கீடு என்று முழுமையாக எழுத வேண்டும். யார் கொடுக்கிறார், எதற்காகக் கொடுக்கிறார், எந்தக் கிழமை, எந்த இடத்தில், உறையிலா கையிலா, வாங்குபவர் யார், எண்ணுபவர் யார், மேலே போவது எவ்வளவு என்ற கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் பதில் இருந்தால்தான் அடுத்த படிக்குப் போகலாம்.

நாப் ஆணையம் கண்டறிந்த முறையைப் பாருங்கள். சூதாட்டத்தைத் தடுக்கும் பணியில் சாதாரண உடையில் இருந்த காவலர்கள், தங்கள் எல்லைக்குள் இருந்த ஒவ்வொரு சூதாட்ட இடத்திலிருந்தும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ மாதந்தோறுமோ 3,500 டாலர் வரை வசூலித்தார்கள். ஒருவருக்குக் கிடைத்த மாதப் பங்கு மன்ஹாட்டனின் நடுப்பகுதியில் 300, 400 டாலராகவும் ஹார்லெமில் 1,500 டாலராகவும் இருந்தது. மேற்பார்வையாளர் சேர்ந்திருந்தால் அவருக்கு ஒன்றரைப் பங்கு.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த விவரம். பிரிவுக்குப் புதிதாக வந்தவருக்கு, அவர் நம்பகமானவரா என்று பார்த்து முடிக்கும் வரை ஏறத்தாழ 2 மாதத்துக்குப் பங்கு கிடையாது. அப்படி விட்டுப்போன தொகையை, அவர் அந்தப் பிரிவிலிருந்து மாறிப் போகும்போது 2 மாதப் பங்காகச் சேர்த்துக் கொடுத்துவிடுவார்கள். திருட்டுப் பணத்துக்குத் தகுதிகாண் பருவமும் விடைபெறும்போது தரும் தொகையும் இருந்திருக்கின்றன. ஊழல் என்பது ஒழுங்கு கெட்ட நிலை என்ற எண்ணத்தை இந்த ஒரு விவரம் உடைத்துவிடுகிறது. உங்கள் திரைக்கதையில் வரும் ஊழலுக்கும் இதே அளவுக்கு ஒழுங்கும் அலுவலகத்தனமும் இருக்க வேண்டும்.

இதையே உங்கள் கதைக்குப் பொருத்திப் பாருங்கள். பிரிவில் 12 பேர். மேற்பார்வையாளர் ஒருவருக்கு ஒன்றரைப் பங்கு, புதியவர் இருவருக்கு ஒன்றுமில்லை, மற்ற 9 பேருக்கும் ஆளுக்கொரு பங்கு என்றால் மொத்தம் பத்தரைப் பங்கு. மாத வசூல் 2,100 என்று வைத்துக்கொண்டால் ஒரு பங்கு 200. இப்போது அந்த 9 பேரில் ஒருவர் எனக்கு வேண்டாம் என்கிறார். பங்கு ஒன்பதரையாகக் குறைகிறது, மற்றவர்களுக்கு ஆளுக்கு 221 கிடைக்கிறது.

ஆக, முதல் மாதம் அவருடைய நேர்மை சக ஊழியர்களுக்கு லாபம். அவர்கள் அவரைக் கிண்டல் செய்வார்களே தவிர வெறுக்க மாட்டார்கள். அந்தக் கூடுதல் 21 எதற்கு வந்தது என்று ஒருவன் யோசிக்கத் தொடங்கும் நாளில்தான் பயம் வருகிறது: வாங்காதவனுக்கு மறைக்க ஒன்றுமில்லை, மறைக்க ஒன்றுமில்லாதவன் பேசிவிடலாம். கணக்கை எழுதாமல் இந்தக் காட்சி எனக்குத் தோன்றியிருக்காது.

இந்த ஏற்பாட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் வைத்திருக்கும் பெயரையும் இப்போதே முடிவு செய்யுங்கள். குயின்ஸ்லாந்தில் அதை ‘ஜோக்’ என்றார்கள். ஹாங்காங்கில் பேருந்து: ஏறிக்கொள்ளலாம், ஏற விருப்பமில்லையென்றால் பக்கத்தில் ஓடிவரலாம், முன்னால் மட்டும் நின்றுவிடக்கூடாது என்பது அங்கே வழங்கிய பேச்சு. இப்படி ஒரு பெயர் கிடைத்துவிட்டால், லஞ்சம் என்ற சொல்லை வசனத்திலிருந்து முற்றிலும் நீக்கிவிடலாம்.

இந்தப் படியில் வழக்கமாக நடக்கும் தவறு, பெட்டி நிறையப் பணம். பெட்டியைப் பார்த்ததும் பார்வையாளர் இது பெரிய மனிதர்களின் குற்றம் என்று ஒதுங்கி உட்கார்ந்துவிடுவார். மாதம் தவறாமல் வரும் சிறு தொகைதான் அவரைக் கதைக்குள் இழுக்கும், ஏனென்றால் அதை மறுப்பது எவ்வளவு கடினம் என்று அவருக்கே தெரியும்.

3. நிலையத்தில் ஆட்களைக் குடியேற்றுங்கள்

நாப் ஆணையம் ஊழல் செய்தவர்களை இரண்டாகப் பிரித்தது. வழியில் வருவதை மட்டும் வாங்கிக்கொள்பவர்கள் புல் தின்பவர்கள். தேடிப் போய் வேட்டையாடுபவர்கள் இறைச்சி தின்பவர்கள். சிக்கலின் மையம் முதல் வகையினர்தான் என்று அறிக்கை சொல்கிறது, ஏனென்றால் அவர்கள் எண்ணிக்கையில் அதிகம், அந்த எண்ணிக்கையே ஊழலுக்கு ஒரு மதிப்பைத் தந்துவிடுகிறது.

எனவே வில்லனை முதலில் எழுதாதீர்கள். 12 பேரில் 9, 10 பேர் புல் தின்பவர்களாக இருக்கட்டும். அவர்கள் ஒவ்வொருவருக்கும், தான் ஏன் வாங்குகிறேன் என்று வீட்டில் சொல்லக்கூடிய ஒரே ஒரு வாக்கியத்தை எழுதுங்கள். “நான் வாங்கலைன்னா அவன் சூதாட்டத்தை நிறுத்திடுவானா?” என்பது ஒருவருடையது. “எனக்கு முன்னாடி இருந்தவர் இதைவிட அதிகமா வாங்கினார்” என்பது இன்னொருவருடையது. இரண்டு பேருக்கு ஒரே வாக்கியம் வந்தால் அவர்களில் ஒருவரை நீக்கிவிடலாம்.

நிலையத்திலேயே திறமையான துப்பறிவாளரும், கதாநாயகனுக்கு வேலை கற்றுக்கொடுத்தவரும் பங்கு வாங்குபவர்களாக இருக்க வேண்டும். நல்லவர்கள் ஒரு பக்கம், வாங்குபவர்கள் மறுபக்கம் என்று பிரித்துவிட்டால், பேசுவதில் கதாநாயகனுக்கு இழப்பே இல்லாமல் போய்விடும்.

4. அம்பலப்படுத்துபவருக்கு மூன்று தேதிகள்

இப்போதுதான் கதாநாயகன் வருகிறார். அவரைப் பற்றி எழுத வேண்டியவற்றுள் முதன்மையானவை மூன்று தேதிகள்: அவருக்கு விஷயம் தெரிந்த நாள், அவர் ஒதுங்கிக்கொண்ட நாள், அவர் பேசிய நாள். மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் உங்களிடம் கதை இல்லை. முதல் தேதிக்கும் மூன்றாம் தேதிக்கும் இடையே அவர் மௌனமாக இருந்த காலத்துக்கு அவரே பதில் சொல்லியாக வேண்டும். விசாரணையில் எதிர்த்தரப்பு கேட்கப்போகும் முதல் கேள்வியும் அதுதான்.

அடுத்து, அவர் எப்போதுமே வாங்காதவரா, வாங்கிப் பிறகு மாறியவரா என்று தேர்ந்தெடுக்க வேண்டும். நியூயார்க்கில் இரு வகையினரும் இருந்தார்கள். பிராங்க் செர்பிகோ வாங்க மறுத்தவர். வில்லியம் பிலிப்ஸ் ஆணையத்தின் புலனாய்வாளர்களிடம் சிக்கிய பின் அவர்களுக்காக வேலை செய்து, 1971 அக்டோபரில் பகிரங்க விசாரணையில் சாட்சி சொன்னவர். வாங்காதவருக்கு நம்பகத்தன்மை உண்டு, ஆனால் உள்ளே நடப்பதில் பாதி அவருக்குத் தெரியாது, ஏனென்றால் அவர் முன்னால் யாரும் பேச மாட்டார்கள். வாங்கி மாறியவருக்கு எல்லாம் தெரியும், ஆனால் அவர் சொல்வதை நம்ப யாருக்கும் விருப்பம் இருக்காது.

என்னைக் கேட்டால், புதியவர்கள் இரண்டாவது வகையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. முதல் வகையில் கதாநாயகன் சரி, உலகம் தவறு என்ற ஒரே சுருதியில் 2 மணி நேரத்தை நகர்த்த வேண்டியிருக்கும். அதற்குக் கை பழகியிருக்க வேண்டும். இரண்டாவது வகையில் ஒவ்வொரு காட்சியிலும் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பேசுகிறாரா, உண்மைக்காகப் பேசுகிறாரா என்ற சந்தேகம் தானாகவே கூட வரும்.

இங்கே ஒரு தவறு நடக்கும், அநேகமாக எல்லோரிடமும் நடக்கும். கதாநாயகன் பேசுவதற்கு வலுவான காரணம் வேண்டும் என்று தங்கையையோ நண்பனையோ கொன்றுவிடுகிறார்கள். கொலை வந்த உடனே அது பழிவாங்கும் படமாகிவிடுகிறது. கொலை செய்தவனைப் பிடித்தால் கதை முடிந்தது, மாமூல் அடுத்த மாதமும் வந்துகொண்டிருக்கும். காரணம் சிறியதாகவும் வேலையோடு ஒட்டியதாகவும் இருக்கட்டும். தான் எழுதிய வழக்கு நாட்குறிப்பில் ஒரு பக்கம் மாற்றி எழுதப்பட்டு, கீழே தன் கையெழுத்தைப் போலவே ஒன்று இருப்பதைப் பார்க்கும் காவலருக்கு வேறு காரணம் தேவையில்லை.

5. சான்றுக்கு ஒரு பயணக் குறிப்பு

அம்பலப்படுத்தும் கதையில் சான்றும் ஒரு கதாபாத்திரம். அது என்ன, எப்போது உருவானது, இப்போது யாரிடம் இருக்கிறது, நகல் எங்கே, நகல் இருப்பது யாருக்குத் தெரியும் என்ற விவரங்களைக் காட்சி எண்களோடு தனித்தாளில் எழுதிவாருங்கள். இந்தத் தாள் இல்லாத வரைவுகளில், 40-ஆம் காட்சியில் எரிந்துபோன குறிப்பேடு 62-ஆம் காட்சியில் மேசைக்கு வந்துவிடும்.

ஒலிப்பதிவையோ ரகசியக் கேமராவையோ பயன்படுத்துவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1990-களில் நடந்த வுட் ஆணைய விசாரணைக்காக, ஊழலில் பங்கிருந்த துப்பறிவாளர் டிரெவர் ஹாகன் தன் காருக்குள் மறைத்துவைத்த கேமராவில் சக அதிகாரிகளோடு நடந்த பணப் பரிமாற்றங்களைப் பதிவு செய்தார். பதிவுக் கருவி தானாக எதையும் பிடித்துத் தராது. அதைச் சுமப்பவர் எதிரில் இருப்பவரைப் பேச வைக்க வேண்டும், பேச வைக்க அவரும் பழையபடியே பேச வேண்டும், சிரிக்க வேண்டும், பணத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும்.

நாடகம் அங்கேதான் இருக்கிறது. கருவி கண்டுபிடிக்கப்படுமா என்ற பதற்றத்தை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நண்பன் தன் மகளின் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது பேச்சைப் பணத்தின் பக்கம் திருப்ப வேண்டிய நிலையை எழுதுவதற்குத்தான் உழைப்பு தேவை.

6. புகார் ஏறும் படிக்கட்டு

திரைக்கதையின் நடுப்பகுதி முழுவதும் இதுதான். புதியவர்கள் இதை இரண்டு காட்சிகளில் முடித்துவிட்டுத் துரத்தலுக்குப் போய்விடுகிறார்கள். செர்பிகோவின் புகார் 1967 முதல் துறைக்குள்ளும் மேயர் அலுவலக வட்டாரத்திலும் சுற்றிக்கொண்டே இருந்தது. 1970 ஏப்ரல் 25 அன்று நியூயார்க் டைம்ஸில் டேவிட் பர்ன்ஹாம் எழுதிய செய்தி வந்த பிறகுதான், மே மாதத்தில் மேயர் ஜான் லிண்ட்சே நாப் ஆணையத்தை அமைத்தார். இடையில் ஓடிய 3 ஆண்டுகள்தான் உங்களுக்குத் தேவையான மூலப்பொருள்.

1-ஆம் படியில் வரைந்த பதவி அடுக்கை எடுத்து, புகார் எந்தெந்த மேசையைத் தொடும் என்று குறியுங்கள். 4 மேசைகள் போதும். ஒவ்வொரு மேசையிலும் கிடைக்கும் பதில் நியாயமாகவே ஒலிக்க வேண்டும், ஒவ்வொன்றும் வேறாக இருக்க வேண்டும். ஒருவர் இன்னும் சான்று வேண்டும் என்பார், அடுத்தவர் தன் அதிகார வரம்பு இல்லை என்பார், மூன்றாமவர் தேர்தல் முடியட்டும் என்பார். நான்காமவர் உண்மையிலேயே உதவ நினைப்பவராக இருந்து, அடுத்த காட்சியில் மாற்றலாகிப் போய்விட வேண்டும்.

மேலதிகாரிகள் எல்லோரும் மீசையைத் தடவிக்கொண்டு மிரட்டுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. மிரட்டலே இல்லாமல் மிரட்ட முடியும். என் இரண்டாம் வரைவில் நின்ற காட்சி ஒன்றைச் சொல்கிறேன். காவலர் உறையை மேசைமேல் வைக்கிறார். மேலதிகாரி அதைத் தொடவில்லை.

“எப்ப கொடுத்தாங்க?”

“வியாழக்கிழமை சார்.”

“இன்னைக்குத் திங்கள். நாலு நாளா இது உன்கிட்டதான் இருந்திருக்கு.”

“ஆமா சார்.”

“அப்ப புகார்ல இதை யார் பணம்னு எழுதப்போறே?”

கேட்டுவிட்டுப் பென்சிலின் பின்முனையால் உறையை மெல்லக் காவலர் பக்கமே தள்ளுகிறார். அந்த அதிகாரி கெட்டவரா, எச்சரிக்கிறாரா, உண்மையிலேயே சட்டச் சிக்கலைச் சொல்கிறாரா என்று காவலருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. விரலால் தள்ளாமல் பென்சிலால் தள்ளியது மட்டும் நினைவில் நிற்கும்.

செய்தியாளரிடம் போவது இந்தப் படிக்கட்டின் கடைசிப் படியாக இருக்க வேண்டும். முதலிலேயே போய்விட்டால், துறைக்குள் எல்லா வழியும் அடைபட்டது என்று நிறுவ உங்களுக்கு இடமே இருக்காது, கதாநாயகன் அவசரக்காரராகத் தெரிவார்.

7. பழிவாங்கலைத் தாளிலிருந்து தொடங்குங்கள்

இரவில் தெருவில் நான்கு பேர் சூழ்ந்து அடிப்பதாக எழுதத்தான் கை போகும். பொறுங்கள். ஓர் அமைப்பு ஒருவரைத் தண்டிக்கும்போது முதலில் எடுப்பது காகிதத்தை. விடுப்பு மறுப்பு, தொடர்ந்து இரவுப் பணி, எப்போதோ தவறிய ஒரு பதிவுக்காக இப்போது வரும் விளக்கம் கேட்புக் குறிப்பாணை, ஆளில்லாத இடத்துக்கு இடமாற்றம், அதன் பிறகு தற்காலிகப் பணிநீக்கம் என்று வரிசையாக ஏற்றுங்கள். ஒவ்வொரு உத்தரவும் விதிப்படி சரியாக இருக்க வேண்டும். விதிமீறல் இருந்தால் அவர் நீதிமன்றம் போய் வென்றுவிடுவார்.

அதோடு, சக காவலர்கள் அவரோடு பேசுவதையும் நிறுத்தட்டும். அவர் உள்ளே வந்ததும் அறை அமைதியாவது, ரோந்துக்குக் கூட வர ஆளில்லாமல் போவது, வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் பதில் தாமதமாவது ஆகியவை ஒரு வரியில் முடிந்துவிடும் காட்சிகள். அடியைவிட ஆழமாக இறங்கும்.

வன்முறை வேண்டுமென்றால் ஒரே ஒரு முறை, அதுவும் தெளிவில்லாமல் வரட்டும். 1971 பிப்ரவரி 3 அன்று புரூக்ளினில் போதைப்பொருள் சோதனை ஒன்றின்போது, ஒரு கதவின் இடுக்கில் சிக்கிக்கொண்ட நிலையில் செர்பிகோ முகத்தில் சுடப்பட்டார். சுட்டவர் சந்தேக நபர். உடன் வந்த காவலர்கள் தனக்குத் துணை நிற்கவில்லை என்பது செர்பிகோவின் குற்றச்சாட்டு. சதியா, தயக்கமா, தற்செயலா என்ற கேள்வி அந்தக் கதவிடுக்கிலேயே நிற்கிறது. உங்கள் காட்சியிலும் அதற்குப் பதில் சொல்லிவிடாதீர்கள். சொன்னால் குற்றம் ஒருவர் தலையில் இறங்கி, மற்ற 11 பேரும் தப்பித்துக்கொள்வார்கள்.

8. சீன் ஆர்டரும் யாருக்கு என்ன தெரியும் என்ற அட்டவணையும்

இவ்வளவும் முடிந்த பிறகே சீன் ஆர்டர், அதாவது காட்சிகளின் வரிசை, போட வேண்டும். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற பொதுக் கணக்கில் 110 முதல் 120 பக்கம் வரை வைத்துக்கொண்டால், 60 முதல் 75 காட்சிகளுக்குள் அடங்கும். காட்சிக்கு ஓர் அட்டை எழுதித் தரையில் பரப்புங்கள்.

இந்த வகைக் கதைக்கு அட்டை மட்டும் போதாது. முக்கியமான 5, 6 பேரின் பெயர்களை மேலே எழுதி, காட்சி எண்களைப் பக்கவாட்டில் எழுதி, அந்தக் காட்சி முடியும்போது யாருக்கு என்ன தெரியும் என்று கட்டங்களை நிரப்ப வேண்டும். அலுப்பான வேலைதான், இரண்டு நாள் பிடிக்கும். ஆனால் வேவும் துரோகமும் உள்ள கதையில், தனக்கு யாரும் சொல்லாத ஒன்றை ஒரு கதாபாத்திரம் சாதாரணமாகப் பேசிவிடுவதுதான் அதிகம் நிகழும் பிழை; எழுதும் நமக்கு எல்லாம் தெரியும் என்பதால் படித்துப் பார்த்தாலும் அது கண்ணில் படாது.

கதை பல ஆண்டுகள் நீண்டால், தோற்ற மாற்றங்களை ஒவ்வொரு காட்சித் தலைப்பிலும் குறித்துவிடுங்கள். செர்பிகோவின் வாழ்க்கையை வைத்து அவர் பெயரிலேயே 1973-இல் சிட்னி லூமெட் எடுத்த படத்தில், அல் பசினோ நீண்ட முடியோடும் தாடியோடும் தொடங்கி, அவற்றைக் குறைத்துக்கொண்டே வர, கதையின் பின்பகுதியிலிருந்து முன்பகுதி நோக்கிப் படப்பிடிப்பு நடந்தது. காட்சிக்குக் காட்சி ஆண்டும் மாதமும் எழுதப்படாத திரைக்கதையை வைத்துக்கொண்டு அப்படித் திட்டமிட முடியாது.

9. வசனம்

இதைக் கடைசியில் எழுதுவதற்குக் காரணம், முன்பே எழுதினால் நல்ல வசனத்துக்காகக் காட்சியைக் காப்பாற்றத் தொடங்கிவிடுவோம் என்பதே. ஒரே விதி போதும்: தப்பு செய்பவர்கள் அந்தத் தப்பின் பெயரைச் சொல்வதில்லை. ‘வந்துச்சா’, ‘அவரைப் பார்த்தாச்சா’, ‘உன்னோடது டிராயர்ல இருக்கு’ என்ற அளவிலேயே பேச்சு முடிந்துவிடும். நேர்மை, மனசாட்சி, காக்கி, சட்டை என்று தொடங்கும் வசனங்களைத் தேடி அழித்துவிடுங்கள். சட்டையைக் கழற்றி எறியும் காட்சி இருந்தால் அதையும்.

10. விசாரணைக் காட்சியும் முடிவும்

ஆணையம் வேறு, நீதிமன்றம் வேறு. ஆணையம் உண்மையைக் கண்டறிந்து அறிக்கை தரும், தண்டிப்பது நீதிமன்றம். இரண்டையும் குழப்பி, ஆணையத் தலைவர் சிறைத்தண்டனை விதிப்பதாக எழுதிய வரைவு ஒன்று என்னிடம் வந்திருக்கிறது. எது வேண்டும் என்று முதலில் தீர்மானியுங்கள். ஆணையக் காட்சியில் நீண்ட வாக்குமூலத்துக்கு இடம் உண்டு. நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணை உண்டு, அங்கே தாக்கப்படுவது சான்று அல்ல, சாட்சி.

4-ஆம் படியில் எழுதிய மூன்று தேதிகள் இங்கே திரும்ப வருகின்றன. “முதல் தேதியில் தெரிந்தது, மூன்றாம் தேதி வரை ஏன் சொல்லவில்லை? இடைப்பட்ட காலத்தில் எத்தனை முறை வாங்கினீர்கள்?” இந்தக் கேள்விகளுக்குக் கதாநாயகன் சொற்பொழிவில் பதில் சொல்லக்கூடாது. எண்ணைச் சொல்ல வேண்டும். 2-ஆம் படியின் கணக்குப்படி அந்த எண் சரியாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் கூட்டிப் பார்க்கும் பார்வையாளர் ஒருவராவது இருப்பார்.

முடிவில் யார் சிறைக்குப் போகிறார் என்பது இரண்டாம்பட்சம். குயின்ஸ்லாந்தில் வசூலை ஒருங்கிணைத்த ஜாக் ஹெர்பர்ட் சட்டப் பாதுகாப்பு பெற்றுக்கொண்டு சாட்சி சொன்னார், காவல் ஆணையராக இருந்த டெரி லூயிஸ் சிறைக்குப் போனார். ஹாங்காங்கில் உயர் காவல் அதிகாரி பீட்டர் காட்பர் நாட்டைவிட்டுத் தப்பி, 1975-இல் திரும்பக் கொண்டுவரப்பட்டு 4 ஆண்டு தண்டனை பெற்றார். அந்த விவகாரத்தின் பின்விளைவாக 1974-இல் உருவான ஊழல் ஒழிப்பு ஆணையம் இன்றும் இருக்கிறது. செர்பிகோவோ 1972-இல் பணியிலிருந்து விலகிவிட்டார். சிறை, புதிய அமைப்பு, விலகல் ஆகியவற்றுள் உங்கள் கதை எதில் நிற்கிறது என்பதைக் கடைசிக் காட்சியின் முதல் வரியிலேயே காட்டிவிட்டு, அடுத்த மாத வசூல் நாளில் அந்த நிலையத்தில் என்ன நடக்கிறது என்று ஒரே ஒரு ஷாட் வையுங்கள். அது வந்ததா, வரவில்லையா என்பதுதான் பார்வையாளர் 2 மணி நேரமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி.

11. வெளியே கொடுக்கும் முன்

உண்மைச் சம்பவத்தைத் தழுவியிருந்தால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. பதவி, ஊர், ஆண்டு ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருவரையே சுட்டினால், பெயர் மாறியும் பயனில்லை. தயாரிப்பாளரிடம் போகும் முன் வழக்கறிஞர் ஒருவர் படித்துவிட வேண்டும்.

அதன் பிறகு, காவல் பணியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவரை உட்கார வைத்து முழுத் திரைக்கதையையும் நீங்களே உரக்கப் படியுங்கள். கருத்து கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார். பென்சிலை எடுத்துக்கொண்டு, நகைச்சுவையே இல்லாத இடத்தில் அவர் எங்கெல்லாம் சிரிக்கிறார் என்று பக்கத்தின் ஓரத்தில் குறியுங்கள். மறுநாள் அந்தப் பக்கங்களை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு 2-ஆம் படியில் எழுதிய கணக்குத் தாளுக்குத் திரும்ப வேண்டும்.